கதவை நான் பூட்டவில்லை

சோப்பு வாங்குவதை யாரும் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை, இன்ஸ்பெக்டர். என் வீட்டுக்கு வந்த புதிதில் அந்தப் பெண் கடையில் சோப்பு அடுக்கின் முன்னால் நின்று அழுதாள். எதை எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுவரை எல்லாவற்றையும் அவள் இருந்த மதச் சபையின் தலைவர்தான் அவளுக்காகத் தீர்மானித்திருந்தார். நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படிப்பட்ட சபைகளிலிருந்து தப்பி வருகிறவர்களைத் தேற்றுவது என் தொழில். அவளுக்கு என் வீட்டு மாடியறையைக் கொடுத்தேன். எதை உடுத்துவது, எப்போது தூங்குவது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான். "நீங்களே சொல்லுங்கக்கா" என்பாள். அந்த 'அக்கா' எனக்குப் பிடித்திருந்தது. அப்படிக் கூப்பிட எனக்கு வேறு யாரும் இல்லை.

சபையில் இருந்த தண்டனையைப் பற்றி அவள்தான் சொன்னாள். தலைவர் தலையில் கை வைத்து, "உள்ளே இரு" என்பாராம். அவரே "எழுந்திரு" என்று சொல்லும்வரை அறையை விட்டு வரக் கூடாது. சாப்பாடு, தண்ணீர் கிடையாது. பூட்டும் கிடையாது. ஆனாலும் யாரும் வெளியே வந்ததில்லை.

"இப்பவும் யாராவது அப்படிச் சொன்னா கால் மரத்துப்போயிடும்க்கா" என்றாள்.

பிறகு தேறத் தொடங்கினாள். ஒருநாள் கடையில் மஞ்சள் செருப்பைக் கையில் எடுத்தாள். பழுப்பு எடு, அழுக்குத் தெரியாது என்றேன்.

"தெரிஞ்சா தெரியட்டும். செருப்புக்குமா கவுன்சலிங்?" என்று சிரித்தாள். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த வாரமே தன் சொந்த அக்காவுக்குப் போன் செய்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாளாம். நீங்களும் ஒருநாள் வீட்டுக்கு வாங்க, மேடம்."

மேடம்.

வெளியுலகத்துக்கு அவள் இன்னும் தயாராகவில்லை என்பது என் கணிப்பு. அவள் அக்காவிடம் பேசி, பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட வைத்தேன். அந்த வாரம் முழுவதும் எனக்கு வெளியூரில் வேலை இருந்தது. இத்தகைய சபைகள் மனிதர்களை என்ன செய்கின்றன என்று கல்லூரிகளில் பேச அழைத்திருந்தார்கள். கிளம்பும்முன் மாடிக்குப் போனேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் கை வைத்து அந்த இரண்டு வார்த்தைகளைச் சொன்னேன். கையில் இருந்த துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

என் பேச்சுக்கு நல்ல வரவேற்பு. எந்த ஊரிலிருந்தும் அவளைக் கூப்பிட்டு, எழுந்திரு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடைய போன் என் கைப்பையில் இருந்தது. நான்தான் எடுத்து வைத்தேன். தண்ணீர் இல்லாமல் ஒரு வாரம் தாங்காது என்றும் தெரியும்.

ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கதவு திறந்தே கிடந்தது. அறைக்கு வெளியிலேயே தண்ணீர்க் குடம். அப்படியும் அவள் எழுந்து வரவில்லை. என்னை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை என்பதற்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?