நூற்று முப்பதுக்குக் கீழே

என் கையெழுத்து எவருக்கும் புரியும். டாக்டர்களில் அது அபூர்வம் என்று மருந்துக்கடைக்காரர் சொல்வார். ஆகவே அந்த நோயாளியின் குறிப்பேட்டில் ஓர் எண்ணைக் கோடிட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று, விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் நிபுணரை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நான்தான்.

அந்த நோயாளி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வயது எண்பத்து நான்கு. ரத்த அழுத்தம் நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று முப்பதுக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது எங்கள் சிகிச்சை வழிகாட்டி. இரண்டு மாத்திரையில் நூற்று நாற்பதில் நின்றார். மூன்றாவதை எழுதினேன்.

அடுத்த மாதம் மகள் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள்.

"எழுந்தா கண்ணு இருட்டுதுங்குறார், டாக்டர். ஒரு மாத்திரையக் குறைக்கக் கூடாதா?"

அவர் சிரித்தார். "லிஃப்ட் திடுதிப்புனு கீழ எறங்குற மாதிரி இருக்கு. நான் மட்டும் மேலயே நிக்கிறேன்."

எங்கள் நர்ஸ் கெட்டிக்காரி. உட்காரவைத்து அளந்தாள், நூற்று இருபத்தெட்டு. நான் கேட்காமலேயே நிற்கவைத்தும் அளந்தாள், தொண்ணூற்றிரண்டு. இரண்டையும் எழுதினாள். குறிப்பேட்டில் அதற்கு ஒரு கட்டம்தான் உண்டு. இரண்டாவதை அடித்தேன். அந்த ஆண்டு இலக்கை எட்டாமல் இருந்த என் ஒரே நோயாளி அவர். அன்றோடு நூற்றுக்கு நூறு.

முதியவர்களை நிற்கவைத்தும் அளக்க வேண்டும், தலைசுற்றினால் மருந்தைக் குறைக்கலாம் என்று அதே வழிகாட்டியில் இருக்கிறதே என்கிறீர்கள். இருக்கிறது. படித்திருக்கிறேன். முடிவு மருத்துவருடையது என்றும் இருக்கிறது. முடிவெடுத்தேன்.

"எதையும் நிறுத்தாதீங்க. நிறுத்திப் பக்கவாதம் வந்தா அது உங்க பொறுப்பு," என்றேன் மகளிடம். பயந்துபோய்த் தன் கையாலேயே மாத்திரை கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் காலை, செருப்பு மாட்ட எழுந்தவர் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்தவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் வாரம் போய்விட்டார். தான் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்று மகள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் மறுத்துப் பேசவில்லை.

உங்களுக்குக் கடிதம் போட்டது நர்ஸ்தான் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நான் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பக்கவாதத்தால் அவர் சாகவில்லை. அதையும் எழுதுங்கள்.

அவர் மனைவிக்கு இப்போது நூற்று அறுபது. போன வாரம்தான் மூன்று மாத்திரை எழுதினேன். மகள் ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை.