ஒருநாள் முதலாளியம்மா

— ஒரே ஒரு நாள் துர்கா. காலையில பத்து மணிக்கு ஆபீசர் வருவாரு, சுத்திப் பாப்பாரு, போட்டோ எடுப்பாரு, போயிருவாரு. அதுவரைக்கும் உன் போர்டக் கழட்டிட்டு எங்க போர்ட மாட்டிக்கிறேன். சும்மா ஒரு இதுக்கு.

— சத்தமாச் சொல்லுங்க வேல்பாண்டிண்ணே. மாவு மிஷின் ஓடுது, காதுல விழல.

— உன் பலகாரக் கம்பெனிய ஒருநாளைக்கு எங்க கம்பெனின்னு காட்டிக்கிறேங்கிறேன்!

— உங்களுக்கு ஏதுண்ணே கம்பெனி? சிவகங்கையில ஜெராக்ஸ் கடை வச்சு, லோனுக்கு அலையுறவுகளுக்கு பைல் போட்டுக் குடுக்குறீக. பலகாரம் எப்பச் சுட்டீக?

— காயிதத்துல சுட்டேன் தங்கச்சி. மூணு வருசத்துக்கு முந்தி தேன்குழல், மணகோலம் போடுறோம்னு எழுதிக் குடுத்து கவர்மெண்டுக் கடன் வாங்குனேன். மானியத்த பேங்குல மூணு வருசம் பூட்டி வச்சிருவாங்க. ஆள் வந்து பாத்து, கம்பெனி நடக்குதுன்னு எழுதிக் குடுத்தாத்தான் அதக் கடன்ல கழிப்பாங்க. அந்த ஆளுதான் நாளைக்கு வாராரு.

— நடக்கலைன்னு எழுதிட்டா?

— மானியமும் போச்சு, முழுக் கடனையும் கட்டுன்னு நிப்பாங்க. வீட்ட வித்தாலும் பத்தாது. இந்தச் சுத்துவட்டாரத்துல இம்புட்டு மிஷினு உன்னட்டத்தான இருக்கு? நீதான் காப்பாத்தணும்.

— கடன்ல வாங்குன மிஷினு எங்க?

— வந்த வண்டியிலயே கடைக்காரருக்குத் திருப்பி விட்டுட்டு காசா வாங்கிக்கிட்டேன். திருப்பத்தூர் ரோட்டுல ஒரு மனை விலைக்கு வந்துச்சு. எல்லாரும் பண்றதுதான்.

— நான் பண்ணலயே. இந்தாங்க, இந்தத் தேன்குழலத் தின்னு பாருங்க. நாளைக்கு உங்க கம்பெனிச் சரக்குல்ல?

— அடேயப்பா, கரகரன்னு இருக்கு.

— மணகோலத்துக்குப் பாசிப்பருப்பு எம்புட்டு, எண்ணெ எம்புட்டு இழுக்கும், எத்தன நாளு கெடாம இருக்கும்னு அந்த பைல்ல இருந்துச்சே. அது யாரு எழுதுனதுண்ணே?

— பழசெல்லாம் இப்ப எதுக்குக் கிளறுற?

— வாய்விட்டுச் சொல்லுங்க. அப்பத்தான் போர்டு எறங்கும்.

— லோனுக்கு பைல் போடச் சொல்லி நீ எழுதிக் குடுத்ததுதான். உன் பேர எடுத்துட்டு என் பொண்டாட்டி பேரப் போட்டேன். பொம்பள பேருன்னா மானியம் கூட. போதுமா?

— போதாது. நான் பேங்குல போய்க் கேட்டப்ப, இந்த ஊர்ல இதே தொழிலுக்குக் குடுத்தாச்சும்மான்னு திருப்பி விட்டாக. உங்க கடை வாசல்ல நின்னு அழுதேன். அப்ப என்ன சொன்னீக?

— எனக்கு நெனவில்ல.

— எனக்கு இருக்கு. 'ஒனக்கெல்லாம் அடுப்படி போதும் தங்கச்சி'ன்னு சொல்லி ஒரு டீ வாங்கிக் குடுத்தீக. அந்த வருசந்தான் என் வீட்டுக்காரரு மலேசியாவுக்குப் போனாரு. அவரு அனுப்புன காசுலதான் இந்த மிஷினெல்லாம் ஒண்ணொண்ணா வந்துச்சு. எம் மக மூணு வருசமா அப்பன போன்லதான் பாக்குறா. உங்க கடையத் தாண்டி பஸ்ஸு போறப்பல்லாம், நாசமாப் போவான்னு வாய் நெறைய வைவேன்.

— வைய்யி தங்கச்சி, நல்லா வைய்யி. உனக்கு அந்த உரிமை இருக்கு. ஒரு லட்சம் தாரேன், மனச ஆத்திக்க.

— காச நீங்களே வச்சுக்கங்க. பதினொண்ணாம் பக்கத்துல எம் பேர எடுக்க மறந்துட்டீகளாமே?

— அது... அது உனக்கு எப்புடித் தெரியும்?

— பைலப் பாத்தவுக சொன்னாக. அத விடுங்க. நாளைக்கு ஆபீசர் கேள்வி கேட்டா முதலாளியம்மாதான பதில் சொல்லணும்? உங்க வீட்ல மாவு அளவெல்லாம் சொல்லுவாகளா?

— அங்கதான் சிக்கல். ஈஸ்வரிக்கு இந்தக் கடனே தெரியாது. அதனால... நீ தப்பா எடுத்துக்கக் கூடாது... நாளைக்கு ஒருநாள் நீயே ஈஸ்வரியா நின்னுரு.

— மூச்சுக்கு மூச்சு தங்கச்சிங்கிறீக. இப்பப் பொண்டாட்டியா நிக்கச் சொல்றீக.

— ஐயய்யோ, காயிதத்துக்குத்தான்! சும்மா ஒரு இதுக்கு! அவரு கேக்குறதுக்கெல்லாம் உனக்குத்தான பதில் தெரியும்?

— ஆதார்ல மூஞ்சி வேறயா இருக்குமே?

— ஆதார் போட்டோவுல என் மூஞ்சியே எனக்குத் தெரியாது. அதெல்லாம் உத்துப் பாக்க மாட்டாரு.

— அவுகளுக்கே தெரியாம அவுக பேர்ல எப்புடிண்ணே கடன் வாங்குனீக? பேங்குல ஆளக் கேட்டிருப்பாகளே?

— பயலுக்கு ஸ்காலர்ஷிப்பு வருது, கணக்குத் தொறக்கணும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சேன். பேசுனதெல்லாம் நானு. பேப்பர அப்புறம் வீட்டுக்குக் கொண்டாந்து நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அவ வெள்ளந்தி, ஒண்ணும் கேக்க மாட்டா.

— அப்ப நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டா மாட்டிக்குவமே. அவுக பேர்ல நீங்க போட்ட கையெழுத்து மாதிரியில்ல இருக்கணும்?

— ஆமால்ல! நல்ல வேளை கேட்ட. சுலுவுதான், இப்பவே பழகிக்க.

— இந்தாங்க, பில் புக்குக்குப் பின்னால போட்டுக் காமிங்க.

— பாரு. மொத எழுத்து பெருசு. கடைசியில ஒரு சுழி. அடியில ரெண்டு புள்ளி. அம்புட்டுத்தான்.

— உங்க கை தண்ணியா ஓடுதுண்ணே. இன்னொண்ணு போடுங்க.

— மூணு வருசமாப் போட்ட கையில்ல.

— இன்னும் ரெண்டு. கீழ தேதி எப்புடி எழுதுவீகன்னும் காட்டுங்க, அதுலயும் வித்தியாசம் வந்துறக் கூடாது.

— அதுஞ்சரிதான்... இந்தா, அஞ்சு போட்டாச்சு, தேதியும் போட்டாச்சு. ராத்திரி ஒரு அம்பது தடவ எழுதிப் பாரு.

— பாத்துக்கிறேன்.

— நான் செஞ்சதுக்கு வேற ஒருத்தியா இருந்தா வாசல்லயே தொரத்திருப்பா. உன் மனசு யாருக்கும் வராது தங்கச்சி.

— ஈஸ்வரிக்கா, மாவு ரூமுக்குள்ள நின்னு கேட்டது போதும், வெளிய வாங்க. 'நீங்க போடலைன்னா யாரும்மா போட்டது'ன்னு நேத்து பேங்குல கேட்டாகள்ல, இந்தாங்க, அஞ்சும் உங்க வீட்டுக்காரரு கையாலயே போட்டுக் குடுத்திருக்காரு.