எழுந்து போன நீதிபதிக்கு ஒரு வழியனுப்பு

பெருமைக்குரிய தலைவர் அவர்களே, பதவி நிரந்தரமாகவும் நாற்காலி தற்காலிகமாகவும் வாய்த்து, இன்றோடு விடைபெறும் மூத்த நீதிபதிகள் இருவரே, கறுப்பு அங்கிக்குள் வெந்துகொண்டிருக்கும் வழக்கறிஞர் பெருமக்களே, தீர்ப்புக்காக நடையில் நின்று கால் கடுத்த தாய்மார்களே, பெரியோர்களே! சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மூவர் இருக்க வேண்டிய நம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஒருவரே மிஞ்சினார். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் நோயில் படுத்தார். வழக்குகள் ஓய்வும் பெறவில்லை, படுக்கவும் இல்லை. மேல்முறையீட்டைக் கேட்க இருவர் அமர வேண்டும் என்பது விதி. ஆகவே கீழ் நீதிமன்றங்களிலிருந்து இந்த இருவரும் தற்காலிகமாக வந்தார்கள். இருவரில் மூத்தவர் தலைமை நீதிபதியோடு அமர்ந்தார். மற்றவர் பக்கத்து அறையில் சில்லறை மனுக்களைக் கேட்டார்.

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழே தீர்ப்பெழுதியவரின் பெயரை மேலே சொல்ல மாட்டோம். 'கீழ் நீதிமன்றம்' என்போம். மரியாதை. நம் மூத்தவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. சாட்சியத்தை முதலில் படிப்பார், தீர்ப்பைக் கடைசியில்தான் தொடுவார். பிறர் முடிவு தன் கண்ணை மறைக்கக் கூடாதாம். இரண்டும் நல்ல வழக்கங்கள். ஒருநாள் இரண்டும் சேர்ந்துகொண்டன.

அன்று ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மேல்முறையீடு. லிஃப்ட் விழுந்து ஒருவர் இறந்ததற்காகச் சிறையில் இருந்தார். பழுது என்று அவர் பூட்டிவைத்ததையும், கட்டட மேலாளர் பூட்டைத் திறக்கச் சொன்னதையும் வாட்ச்மேன் கூண்டில் ஏறிச் சொல்லியிருந்தார். தீர்ப்பில் வாட்ச்மேனே இல்லை என்றார் மெக்கானிக்கின் வழக்கறிஞர்.

நம் மூத்தவர் கொதித்தார்.

"வாட்ச்மேன் சொன்னதை ஒரு வரி கூட எடுத்துக்கலையாமே. சாட்சி சொல்லும்போது அந்த நீதிபதி எங்க இருந்தார்?"

எங்கே இருந்தார்? யார் சொல்வது? இரு தரப்பு வழக்கறிஞர்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள். என் வழக்குக்காகக் காத்திருந்த நானும் பார்த்தேன். நன்றாகத்தான் சுற்றியது.

தன் வழக்கே நினைவில்லையா என்கிறீர்கள், முன்வரிசையில். தண்டனை கொடுத்தவர்கள் மறந்துவிடுவார்கள், ஐயா. வாங்கியவர்கள் மறப்பதில்லை. பின்பெஞ்சில் இருந்த மெக்கானிக்கின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தவரே தீர்ப்பைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நான் எழுதினது. நான் இதைக் கேக்கக் கூடாது."

எழுந்தார். அப்போது அந்த அம்மாவும் எழுந்தார்.

"ஐயா, அப்ப இவ்வளவு நேரம் நீங்க சொன்னது?"

"அது செல்லாதும்மா. இனிமே வர்றவர் சொல்றதுதான் செல்லும்." கொஞ்சம் நின்றார். "ஆனா நான் எழுதினது தப்பு."

போய்விட்டார். பக்கத்து அறையிலிருந்து மற்றவர் வந்து அமர்ந்தார். வழக்கு முதலிலிருந்து நடந்தது. மெக்கானிக் விடுதலையானார். இந்த விழாவில் இதைச் சொல்லலாமா என்று மூத்தவரிடமே கேட்டேன். நடந்ததுதானே, சொல்லுங்கள் என்றார்.

நீதி எது? தவறே செய்யாததா? அப்படியென்றால் மேல் நீதிமன்றம் எதற்கு, மேல்முறையீடு எதற்கு, இந்த அங்கியை மாட்டிக்கொண்டு நாம்தான் எதற்கு? தவறு தன் கையெழுத்தோடு வந்து நிற்கும்போது, அது என்னுடையது என்று நாலு பேர் முன்னால் சொல்லி எழுந்து போவது இருக்கிறதே, அதுவும் நீதி!

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் ஒரு நிமிடம். அந்த அம்மாவை இந்த விழாவுக்கு நான்தான் அழைத்தேன். அவர் கேட்டார்:

"அவர் எந்திரிச்சுப் போனதுக்குக் கைதட்டுவேன். எழுதினதுக்கும் சேர்த்துத் தட்டணுமா?"

வேண்டாம் அம்மா என்றேன். வந்திருக்கிறார். நான்காவது வரிசையில், கணவரின் பக்கத்தில் இருக்கிறார். இப்போது கைதட்டினார், நான் பார்த்தேன். மூத்தவரும் பார்த்தார். இதற்கு மேல் பேச எனக்கு ஒன்றுமில்லை. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. விடைபெறும் இருவருக்கும் எங்கள் வணக்கம்.