லிப்ட்டுக்குள் நின்ற உதாரணம்

தலைமைப் பொறுப்பைத் தட்டாமல் ஏற்றுத் தளராமல் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருந்தகையே! இவன் என்ன உளறப்போகிறானோ என்று முன்வரிசையில் நெளியும், குடியிருப்போர் சங்கச் செயலாளரான என் அண்ணனே! ஐந்து மாடியையும் காலால் அளந்து களைத்த பெரியோர்களே! காய்கறிப் பையோடு படியேறிக் கண்கலங்கிய தாய்மார்களே! புது லிப்ட்டின் திறப்பு விழாவுக்குத் திரண்டிருக்கும் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்த லிப்ட் எப்படி வந்தது? புகார் எழுதி வந்தது என்கிறார் அண்ணன். அந்தக் கூத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

பழைய லிப்ட் நினைத்த இடத்தில் நின்றது. ஆங்கிலத்தில், உதாரணத்தோடு எழுதிக் கொடுங்கள் என்றது லிப்ட் கம்பெனி. கீழ்த்தளத்து அறையில் கூடினோம். 'லிப்ட் அடிக்கடி நிற்கிறது' என்ற முதல் வரி மளமளவென்று வந்துவிட்டது. அடுத்த வரியில்தான் வம்பு! உதாரணத்தை எந்த ஆங்கிலச் சொல்லால் தொடங்குவது? 'ஃபார் எக்ஸாம்பிள்' என்றார் பேராசிரியர். அது பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது, 'ஃபார் இன்ஸ்டன்ஸ்'தான் கௌரவம் என்றார் அண்ணன். 'போன்ற' என்பதற்கு 'சச் ஆஸ்' போட்டால் சுருக்கமாயிற்றே என்று நானும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது வரியின் தலையில் ஏறாதாம், நடுவில்தான் உட்காருமாம்! அப்போது மேலே தட்டும் சத்தம் கேட்டது. இந்த வரி முடியட்டும் என்றார் அண்ணன்.

தட்டியது யார்? (அதோ சிரிக்கும் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது!) என் அண்ணி! ஆஸ்பத்திரி நர்ஸ். டூட்டிக்குக் கிளம்பியவர் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, போன் சிக்னல்கூட எட்டாத இருட்டில் நின்றிருந்தார். ஓடினோம். அண்ணனோ கதவிடுக்கில் வாயை வைத்து, பயப்படாதே, உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

"எழுதினது போதும். கம்பெனிக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க. நான் பேசறேன்."

இடுக்கில் போனைப் பிடித்தேன். அண்ணி பேசினார். "உங்க லிப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறேன். மூச்சு முட்டுது. அங்க என் வார்டுல நோயாளிங்க காத்திருக்காங்க. எப்ப வருவீங்க?"

ஆள் வந்தது, கதவு திறந்தது, அந்த வாரமே புது லிப்ட்டுக்கு ஒப்புதலும் வந்தது!

அவையோரே! எக்ஸாம்பிளா, இன்ஸ்டன்ஸா? இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். யாரைக் கூப்பிட்டாலும் வேலை நடக்கும். எது நடக்காது? கூப்பிட்டுவிட்டுக் காரியத்தைச் சொல்லாவிட்டால் நடக்காது! உங்கள் வலியைச் சொல்லுங்கள், வார்த்தை வழிவிடும்! உங்கள் துயரைச் சொல்லுங்கள், துணைச்சொல் தானே வரும்! தட்டும் சத்தம் கேட்டால் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு ஓடுங்கள்!

ரிப்பன் வெட்ட அண்ணியை அழைக்கிறேன். என்ன அண்ணி? ஓ... மேடையோரம் வந்து என் காதில் சொல்கிறார்: "ரிப்பன நான் வெட்டறேன். முதல்ல உங்க அண்ணன் தனியா ஏறி இறங்கட்டும். அப்புறம் நான் ஏறறேன்."

பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி, வணக்கம். அண்ணா, எழுந்திருங்கள், எல்லாரும் காத்திருக்கிறோம்!