ஒரு மழைக்குத் தாங்காத ஹப்

சைக்கிள் வாங்க வருகிறவர்கள் முதலில் பெல்லை அடித்துப் பார்க்கிறார்கள் சார். பெல் நன்றாக இருந்தால் சைக்கிளும் நன்றாக இருக்கும் என்று எப்படியோ முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பெல்லைத் தொடுவதே இல்லை. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற ஃபோர்க்கில் ஒரு விரலை வைத்துக் காத்திருப்பேன். சக்கரத்தின் நடுவில் அச்சு ஓடுகிற ஹப் மோசமென்றால் விரலில் மணல் அரைபடுகிற மாதிரி தெரியும். நல்ல ஹப் என்றால் சக்கரம் நிற்க மனசில்லாமல் முன்னும் பின்னும் ஆடிவிட்டுத்தான் ஓயும்.

சங்கரன்கோவிலில் பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் காசு கொடுக்குமுன் ரயில்வே கேட் டீக்கடைக்கு உருட்டிக்கொண்டு வருவார்கள். "மாரிக்கண்ணன் பாத்தாச்சா?" என்று விற்கிறவனே கேட்பான். கல்லூரியில் நான் எழுதிய பரீட்சை எதுவும் தேறவில்லை. வீட்டில் என்னிடம் மணி என்ன என்றுகூடக் கேட்பதில்லை. என் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருந்த ஒரே இடம் அந்தச் சக்கரம்தான்.

நியாஸ் அகமது என் வகுப்புத் தோழன். அவன் கொண்டுவந்த சைக்கிளின் ஹப்பில் கம்பெனிப் பெயர் இல்லை. அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். சுற்றிக்கூடப் பார்க்காமல், "ஒரு மழைக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே அதையே வாங்கினான்.

மழை பெய்தது. தாங்கியது. மறுபடி பெய்தது. திருவேங்கடம் வரை கரிசல் சேற்றில் போய்விட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பி வந்தது. எனக்கு 'தாங்காது' என்றே பெயர் வைத்தார்கள்.

"ஏலே தாங்காது, இந்த பெஞ்சுல உக்காரலாமாலே?"

டீ ஆற்றுகிற கோமதிநாயகம் அண்ணாச்சிகூட, "கிளாஸப் பாத்து சொல்லும் வே, சூடு தாங்குமா?" என்றார். சைக்கிள்கள் வருவது நின்றது.

நியாஸிடம் தனியாகக் கெஞ்சினேன். "லேசா கரகரங்குதுன்னாவது சொல்லு மாப்ள. நாலு பேரு முன்னால, ஒரே ஒரு தடவ."

"அது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதே மாப்ள," என்றான். "வேணும்னா நீயே பிரிச்சு கிரீஸ் போடு. பாத்தாலாவது ஒனக்கு மனசு ஆறும்."

நல்ல பையன் சார். சைக்கிளை என் வீட்டில் விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனான்.

பிரித்தேன். உள்ளே உருள்கிற பால்ஸ் குண்டு ஒவ்வொன்றிலும் முகம் பார்க்கலாம். எங்கும் ஒரு புள்ளி அரிப்பு இல்லை. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சக்கரத்தைத் தாங்குகிற அச்சை, ஹப்புக்குள் மறைகிற இடத்தில், பாதிக்கு மேல் ரம்பத்தால் அறுத்தேன். கிரீஸ் தாராளமாக வைத்தேன். அதில் கஞ்சம் பிடிக்கவில்லை.

மழைக்காகத்தான் பொறுத்திருந்தேன். வெயிலில் உடைந்தால் நான் சொன்னது பொய்யாகிவிடும். வானம் கொட்ட ஆரம்பித்ததும் அவனுக்குப் போன் போட்டு, "புளியங்குடி ரோட்டுல நிக்கேன், பைக் நின்னுபோச்சு, கொஞ்சம் வாயேன்" என்றேன். உடனே கிளம்பிவிட்டான். தூரத்தில் பார்த்ததும் கையசைத்தேன். அவனும் ஒரு கையைத் தூக்கினான். பஸ் டிரைவர்மேல் தப்பில்லை சார். சக்கரம் மடங்கியதும் இவன் விழுந்த இடம் அப்படி.

அவன் அக்கா ரசீதா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ அன்னைக்கே சொன்னியே மாரி. ஒம் பேச்சக் கேட்டிருந்தா எந்தம்பி இருந்திருப்பான்." அவளைத் தேற்றினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். மறுநாளே டீக்கடைக்கு சைக்கிள்கள் வந்தன. யாரும் பட்டப்பெயர் சொல்லவில்லை.

உடைந்த அச்சில் ரம்பம் போட்ட கோடு இருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. அறுத்தது நான். மழையில் வரச்சொன்னது நான். அவன் செத்தது என்னால்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 'ஹப் நல்ல நிலையில் இருந்தது' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். இன்னும் ஒரு மழை பொறுத்திருந்தால் அது தானாகவே உடைந்திருக்கும்.