நாலு மில்லியின் ஞாயிற்றுக்கிழமைகள்

மேடையை அலங்கரிக்கும் நம் மிதிவண்டிச் சங்கத்தின் தலைவர் அவர்களே, மறைந்தவரோடு நெடுங்காலம் பணிபுரிந்த பல் மருத்துவர் அம்மா அவர்களே, கூடப்பிறந்த அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்புத் தங்கையே, நகக்கண்ணில் கிரீஸ் கறையோடு வந்திருக்கும் தோழர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

நான் பஸ் ஓட்டிப் பிழைத்தவன். தொழிற்சங்க மேடைகளில் தொண்டை கிழியப் பேசியவன். இன்று எனக்குப் பேச்சு வரவில்லை. வந்தாலும், "அண்ணே, கொஞ்சம் வால்யூமைக் குறைங்க, பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது" என்று என்னை அடக்க அவர் இல்லை.

யார் அவர்? நம் சங்கத்தின் செயலாளர். பல் செட் செய்வதில் கைதேர்ந்தவர். ஆனால் நமக்கெல்லாம் அவர் நாலு மில்லி! இந்தப் பெயர் எப்படி வந்தது? பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிளோடு ஒருவர் வருவார். அதற்கு முன்பே கடை கடையாக ஏறி இறங்கியிருப்பார். "இந்தக் காலத்துச் சக்கரம் இதுல நுழையாது, எடைக்குப் போட்டுடுங்க" என்று எல்லோரும் கைவிரித்திருப்பார்கள். நம்மவர் வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஃபிரேமில் பின்சக்கரம் உட்காரும் இரண்டு கால்களுக்கும் நடுவே மில்லிமீட்டர் கணக்கில் அளந்து பார்ப்பார். "நாலு மில்லிதானே இடிக்குது? ஸ்டீல் கோவிச்சுக்காது, மெதுவா விரிச்சுக்கலாம்" என்பார்.

மெதுவாக! அந்தச் சொல்லை அவரளவுக்கு மதித்தவர் யார்? மரை போட்ட கம்பியை நடுவில் கொடுத்து, நட்டைத் துளித்துளியாகத் திருகுவார். பிறகு ஃபிரேமின் இருபுறமும் நூல் கட்டிப் பார்ப்பார். ஒரு கால் மட்டும் விலகினால் வண்டி ஆயுசுக்கும் ஒரு பக்கமாகவே இழுக்கும் அல்லவா? "வாயும் வண்டியும் ஒண்ணுதான்ணே. புதுசு உட்காரணும், பழசுக்கு வலிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே நூலை இன்னொரு தடவை கட்டுவார்.

நானும் அப்படிப் போனவன்தான். இளவட்டமாக இருந்தபோது வாங்கிய சைக்கிளை விட மனசில்லை. ஆனால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் "தாத்தா, ஓட்டத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் பறப்பார்கள். சின்ன கியர் போட்டுக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். ஒரு நாள் வேலை என்றுதான் நினைத்தேன். மழைக்காலத்தில் தொடங்கினோம், அடுத்த கோடை வந்துவிட்டது!

ஏன்? ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலைதான் என்பது அவருடைய சட்டம். "இன்னைக்கு பிரேக் மட்டும். கியர் அடுத்த வாரம்." புது கியரோடு வந்த சக்கரத்தின் ரிம்முக்குப் பழைய பிரேக் எட்டாது, அதற்கு ஒரு வாரம். கேபிள் இழுக்க ஒரு வாரம். அவர் வாடகைக்கு எடுத்திருந்த அந்தக் கார் கொட்டகையில் நாம் உட்கார்ந்து அவரைக் கேலி செய்யாத நாள் உண்டா? "வாத்தியாரே, பல் செட்டையும் இப்படித்தான் வாரத்துக்கு ஒரு பல்லா கட்டினீங்களா?" என்று கேட்டது யார்? இதோ, தலைவர்தான்!

ஒரு நாள் பெடல்களைக் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்பேனரை என் கையில் கொடுத்து, "இடது பக்கம் நீங்க கழட்டுங்கண்ணே" என்றார். திருகினேன். அசையவில்லை. ஸ்பேனரில் குழாயை மாட்டித் தொங்கினேன். அப்போதும் அசையவில்லை. அவர் முக்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே, பல் செட்டைத் தொலைத்துவிட்டுத் திருமணத்துக்குப் போன மாப்பிள்ளையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்குப் போடும் நேரத்துக்குத்தான் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, அந்தப் பக்கம் மட்டும் மரை எதிர்த் திசைல இருக்கும். நீங்க மத்தியானத்துலேருந்து இறுக்கிக்கிட்டிருக்கீங்க."

"அடப்பாவி! முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"சொல்லியிருந்தா அப்பவே வீட்டுக்குக் கிளம்பியிருப்பீங்களே."

கொட்டகையே அதிரச் சிரித்தோம். அவரும் சிரித்தார். நான் மட்டும் வீட்டுக்குப் போகிற வழியில் சிரிக்கவில்லை. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். அதனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

அவருடைய சொந்த வண்டி கொட்டகைச் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்ததே, கவனித்தீர்களா? புது கியர், புது சக்கரம், எல்லாம் உண்டு. செயின் மட்டும் இல்லை. எப்போது கேட்டாலும் "செயின் வரணும்ணே" என்பார். நேற்றுத் தங்கை மேசை இழுப்பறையைத் திறந்தார். உறை பிரிக்காத செயின் உள்ளே இருந்தது. உறையின் ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. முடிந்த வண்டிகள் எல்லாம் மேடேறிப் போனபின் திரும்பி வராததை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், தோழர்களே!

தங்கை என்னிடம் ஒன்று சொன்னார். "ஞாயித்துக்கிழமையா பாத்து போன் பண்ணும்மான்னு சொல்லும் அண்ணன். பண்ணா பின்னாடி ஒரே சிரிப்பும் சத்தமுமா கேட்கும். சரி, அண்ணன் தனியா இல்லைன்னு நிம்மதியா வச்சிடுவேன்." இதைச் சொல்லிவிட்டு அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து அழுதார்.

செவ்வாய்க்கிழமையே உயிர் பிரிந்திருக்கும் என்றார் டாக்டர். நமக்கு எப்போது தெரிந்தது? ஞாயிற்றுக்கிழமை! ஷட்டர் மூடியிருந்ததால் தெரிந்தது! இத்தனை பேர் நாற்காலி போதாமல் நிற்கிறோமே, புதன்கிழமை ஒருவர், வியாழக்கிழமை ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்ட ஏன் யாருக்கும் தோன்றவில்லை? யாரையும் குறை சொல்லக் கேட்கவில்லை. அவரும் நம்மை அப்படிப் பழக்கவில்லை. வேலை இருந்தால்தான் ஆள் வரும் என்று நம்பிவிட்டார்.

கொட்டகைச் சாவியைத் தங்கை நம் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். வாடகையைப் பங்கிட்டுக்கொள்வோம். ஞாயிறுதோறும் ஷட்டர் உயரும். பழைய ஸ்டீல் வண்டியோடு வருகிற யாரையும் கைவிரித்து அனுப்ப மாட்டோம். அவர் வண்டிக்குச் செயின் போடுவோம், முறை வைத்து ஓட்டுவோம். இது அவர் படத்தின் முன் நாம் எடுக்கும் உறுதி!

இது சங்கத்தின் உறுதி. இனி நான் கேட்பது எனக்காக. மேடையில் இதுவரை எனக்கென்று எதையும் கேட்டதில்லை, கூச்சமாகத்தான் இருக்கிறது. தபால் நிலையத்துக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. செவ்வாய்க்கிழமை யாராவது வாருங்கள். என் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. சும்மா வாருங்கள்.