விசில் மட்டும் போதும்

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு மெக்கானிக்கும் பழைய டீசல் கார்க்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். "ஸ்பீடு வேண்டாமுங்க, சத்தம் வந்தாப் போதும்" என்று கார்க்காரர் சொன்னதும், தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்த நான் நடிப்பை இன்னும் சிறப்பாகச் செய்தேன்.

"இஞ்சினுக்குக் காத்தடிக்கற டர்போ புதுசா வாங்குனா காரு வெலை ஆகுமுங்க" என்றார் மெக்கானிக். " போர்வெல் போடற ரிக் வண்டியில கழட்டுனது ஒண்ணு கெடக்குது. தேஞ்சு போச்சு. விசில் அடிக்கும், இழுவை இருக்காது."

"அதையே மாட்டுங்க. நான் ரிக் ஓட்டுனப்ப அந்த விசில் கேட்டா எம்பொண்டாட்டி வாசலுக்கு வந்திருவா. இப்பக் கோவிச்சுட்டு ஜேடர்பாளையத்துல அவங்கப்பன் ஊட்டுல இருக்கறா. என் கார்ல மூணு தடவ அந்த வழியாப் போயிட்டேன், எட்டிக்கூடப் பாக்கல."

"எறங்கிக் கதவத் தட்டுனாச் செலவே இல்லீங்களே!"

"தட்டுனா மாமனார் வருவாருங்க. விசிலுக்குன்னா அவதான் வருவா."

மெக்கானிக் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெழம வண்டியக் கொண்டாங்க" என்றார்.

என் வீடு ஸ்டாப்புக்கு எதிரிலேயே இருக்கிறது. நான் இறங்கியதும் கண்டக்டர் நீளமாக விசில் ஊதினார். ஒரு நப்பாசையில் வாசலைப் பார்த்தேன். காலையில் கதவைப் பூட்டியவன் நான்தான். சாவியும் என் பையில்தான் இருந்தது.